வெட்டக் கூடாத குச்சி

திருப்பூருக்குப் போகிறவர்கள் பனியன் வாங்கப் போவார்கள், அல்லது விற்கப் போவார்கள். நான் போனது, கர்ப்பிணிப் பெண்கள் தங்கள் யோனியிலிருந்து தாங்களே மாதிரி எடுத்துக் கொடுப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க. இந்தச் சொல்லைப் படித்து முகம் சுளிக்கிறவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். எனக்கு வருத்தமில்லை.

மலேசியாவில் ஈப்போ நகரத்தில் நான் ஆராய்ச்சித் தாதி. பெண்ணின் அந்த இடத்தில் நல்ல கிருமிகள் குடியிருக்கின்றன. அவை அங்கே ஒரு புளிப்பை உண்டாக்கி, கெட்ட கிருமிகளை அண்டவிடாமல் வைத்திருக்கின்றன. கர்ப்ப காலத்தில் அந்தக் குடித்தனம் கலைந்தால் பிள்ளை குறைமாதத்தில் பிறக்கிறதா என்பதுதான் ஆராய்ச்சி. அதைக் கண்டுபிடிக்க முதலில் மாதிரி ஒழுங்காக வர வேண்டும். மருத்துவமனைக்கு வந்து காலை விரித்துப் படுக்க எந்தப் பெண்ணுக்கும் ஆசையில்லை. ஒரு நாள் வேலையும் போகும். அதனால் பெண்ணே எடுக்கும் முறை. எங்கள் ஊரில் அது ஒழுங்காக வந்தது. இங்கே வருமா என்று பார்க்க என்னை ஆறு நாளுக்கு அனுப்பினார்கள்.

கோயம்புத்தூர் விமான நிலையத்தில் என்னை அழைத்துப்போக மகேஸ்வரி வந்திருந்தார். இந்த ஆராய்ச்சிக்கு இங்கே களப்பணியாளர் அவர்தான். நாற்பது வயது, கொங்கு நாட்டுக்காரர், சிரித்துக்கொண்டே இருப்பார்.

"வாங்க்கா, பயணமெல்லாம் நல்லா இருந்துச்சுங்களா?"

"முதுகு வலிக்குது."

"சரிங்க்கா."

இந்த 'சரிங்க' என்னை ஆறு நாளும் பாடாய்ப் படுத்தியது. நான் எதைச் சொன்னாலும் சரிங்க. எங்கள் ஊரில் புரியவில்லை என்றால் புரியவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். இங்கே மறுத்துப் பேசினால் வந்தவர் மனம் நோகுமாம். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாளாயிற்று. அந்த இரண்டு நாளில் பதினொரு பெண்களின் மாதிரி நாசமாகிவிட்டது.

தங்கியது சாமளாபுரத்தில், ஒரு அறக்கட்டளை நடத்தும் சிறிய மருத்துவமனையின் மாடியில். கீழே, மாதிரிகளை வைக்கும் எங்கள் உறைபெட்டி. பக்கத்துச் சந்து முழுக்கத் தறிகள். பேசுவதென்றால் கத்த வேண்டும்; நான் எப்போதும் கத்தித்தான் பேசுவேன் என்பதால் எனக்குக் கஷ்டமில்லை. மகேஸ்வரி அரிசிம்பருப்பு சாதம் செய்து கொண்டுவந்திருந்தார். துவரம்பருப்பும் அரிசியும் ஒன்றாக வெந்து, மேலே நெய். தட்டை வழித்துச் சாப்பிட்டேன். கோப்பி மட்டும் வாயில் வைக்க முடியவில்லை. பாலும் சர்க்கரையும்தான் இருந்தன. எங்கள் ஊர்க் கறுப்புக் கோப்பிக்கு முதல் நாளே நாக்கு ஏங்கிவிட்டது.

இரண்டாம் நாள் திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனி. குழந்தைகளுக்கான உடுப்பு தைக்கிறார்கள், எல்லாம் வெளிநாட்டுக்கு. செக்கிங் பிரிவில் நிற்கிற பெண்களில் பதினொரு பேர் கர்ப்பிணிகள். அவர்கள் வேலை, தைத்து வந்த துணியைப் பரப்பிப் பார்த்து, கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று தேடி, தொங்குகிற நூல் பிசிறை வெட்டுவது. அதற்கு ஒரு சின்னக் கத்திரி. டிரிம்மர் என்கிறார்கள். கயிற்றில் கோத்துத் தாலி மாதிரி கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

அந்த வாரம் இளஞ்சிவப்பு ஆர்டர். பிறந்த குழந்தை முதல் மூன்று மாதம் வரைக்குமான சட்டைகள். உள்ளங்கை அகலம்கூட இல்லாத முதுகு. மேசை முழுக்கக் குவிந்து கிடந்தன. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தேன்.

முதலுதவி அறையில் பதினொரு பேரையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். நுனியில் நைலான் மயிர் வைத்த குச்சி. பஞ்சுக் குச்சி எங்களுக்கு ஆகாது. பஞ்சு, எடுத்ததைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். பஞ்சிலேயே பிழைக்கிற ஊரில் பஞ்சில்லாத குச்சியைக் காட்டுவது எனக்கே வேடிக்கையாக இருந்தது. இரண்டு அங்குலம் உள்ளே விட்டு, பத்து எண்ணும்வரை சுவரில் படும்படி மெல்லச் சுழற்ற வேண்டும். வெளியே எடுத்து, மருந்துநீர் உள்ள குழாயில் நுனியை இறக்கி, குச்சியில் கீறல் இருக்கிற இடத்தில் மடக்கினால் பட்டென்று உடையும். மூடிவிட வேண்டும். இரண்டாவது குச்சியை ஒரு காகிதப் பட்டையில் தேய்க்க வேண்டும். புளிப்பு இருந்தால் பட்டை மஞ்சளாகவே இருக்கும், இல்லாவிட்டால் பச்சையாகும். எடுப்பதற்கு முன் உள்ளே கழுவக் கூடாது.

"புரிஞ்சதா?"

"சரிங்க," என்றார்கள் பதினொரு பேரும்.

ஒருத்தி மட்டும் கடைசியில் நின்றாள். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். முத்துமாரி என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை. பட்டியலில் அவள் ஏழாம் எண். இருபத்து நான்கு வாரம்.

"அக்கா, இதுல பிள்ள நிக்குமான்னு தெரியுமா?"

"தெரியாது. இது ஆராய்ச்சி. முடிவு வர ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்."

"ரெண்டு போயிருச்சுக்கா. ரெண்டும் ஏழாம் மாசத்துல. இதுவும் இப்ப ஏழாம் மாசத்துக்குத்தான் போகுது."

உள்ளே போய் மாதிரி எடு என்றேன். அவள் போனாள்.

திரும்பும்போது மகேஸ்வரியின் ஸ்கூட்டர் மங்கலம் சாலையில் பஞ்சரானது. காலடியில் ஐஸ் பெட்டி. வெயில் மண்டையைப் பிளந்தது. நூல் மூட்டை ஏற்றிய ஒரு வண்டிக்காரர் நிறுத்தினார்.

"பெட்டில என்னங்க, மீனுங்களா?"

"ஆமாங்க," என்றார் மகேஸ்வரி, கொஞ்சமும் யோசிக்காமல்.

"என்ன மீனுங்க?"

"கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ரொம்பப் பொடி மீனுங்க. வெயில்ல கெட்டுப்போயிரும். கொஞ்சம் சீக்கிரம் உடுங்க."

அவர் உண்மையிலேயே பறந்தார். நான் நூல் மூட்டைமேல் உட்கார்ந்து பெட்டியை மடியில் கட்டிக்கொண்டேன். இறங்கும்போது, "அடுத்த தடவ எங்களுக்கும் ஒரு கிலோ கொண்டாங்க," என்றார். அன்று நான் சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

பெட்டியைத் திறந்து பார்த்தபோது சிரிப்பு போய்விட்டது. முதல் குழாயில் குச்சி கீறலில் உடைந்திருக்கவில்லை. கத்திரியால் வெட்டிய சாய்வான முனை. குழாய்க்குள் மருந்துநீரில் ஒரு இளஞ்சிவப்பு நூல் துணுக்கு மிதந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். பதினொன்றும் வெட்டியவை. கம்பெனியில் நூறு பேர் தொட்ட துணியை வெட்டுகிற டிரிம்மர். அதிலிருக்கிற எண்ணெயும் தூசியும் கிருமியும் எல்லாம் குழாய்க்குள். நாங்கள் தேடுவது கண்ணுக்குத் தெரியாததை. இப்படி வந்தால் பெண்ணின் கிருமி எது, கத்திரியின் கிருமி எது என்று யாரால் பிரிக்க முடியும்?

காகிதப் பட்டைகளைப் பார்த்தேன். பதினொன்றும் பச்சை. பதினொரு பேருக்கும் ஒரே நேரத்தில் புளிப்பு போய்விட வழியேயில்லை. எழுந்து தண்ணீர்க் குழாயைத் திறந்து, ஒரு புதுப் பட்டையை ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் நனைத்தேன். அதே பச்சை.

"எல்லாரும் உள்ளே தண்ணி விட்டுக் கழுவியிருக்காங்க!" என்று கத்தினேன்.

"நாஞ் சொன்னனுங்க்கா. நீங்களுஞ் சொன்னீங்க. அவிங்களும் சரின்னு சொன்னாங்க," என்றார் மகேஸ்வரி. அவர் கண் கலங்கியிருந்தது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் முன்னறிவிப்பு இல்லாமல் கம்பெனிக்குப் போனோம். பத்தரை மணி டீ நேரம். தெருவே டீயும் வடையுமாக நிற்கிறது. ஒரு பக்கம் இந்தி, ஒரு பக்கம் மதுரைத் தமிழ், நடுவில் கொங்குத் தமிழ். சூப்பர்வைசர் வடையைக் கையில் வைத்துக்கொண்டே ஓடிவந்தார்.

"சிஸ்டர், ஷிப்மென்ட் அர்ஜென்ட்ங்க. அரை அவர்ல முடிச்சுக் குடுத்துருங்க."

"நேத்து ஒழுங்கா நடந்திருந்தா இன்னிக்கு வந்தே இருக்க மாட்டேன்."

"சரிங்க சிஸ்டர்."

பதினொரு பேரையும் கூப்பிட்டு, யார் கழுவினீர்கள் என்று கேட்டேன். ருக்மணி என்று உள்ளூர்க்காரர் ஒருவர், இவர்களில் மூத்தவர், முன்னால் வந்தார்.

"ஏனுங்க சிஸ்டர், நாலு பேரு பாக்கற எடத்துக்குக் கழுவாம எப்படிங்க குடுக்கறது? உங்கூர்ல அப்படித்தான் குடுப்பாங்களா?"

எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"குச்சியை ஏன் வெட்டினீங்க?"

இதற்கு முத்துமாரி பதில் சொன்னாள். மேசையிலிருந்து ஒரு குழந்தைச் சட்டையை எடுத்து, தொங்கிய நூலைக் காட்டினாள். "இதக் கையால இழுத்துப் பிச்சோம்னா தையலே உருவிட்டு வந்திரும்க்கா. பீஸ் போச்சு. சேந்த முத நாளே சொல்லிருவாங்க, எதையும் பிய்க்காத, ஒடிக்காத, வெட்டுன்னு. கை அதுபாட்டுக்கு டிரிம்மருக்குத்தான் போகுது. ஒடிச்சா துணுக்கு எதுவும் குழாய்க்குள்ள போயிருமோன்னு பயம் வேற. அந்த மருந்துத் தண்ணி கொட்டிட்டா வேற தண்ணிக்கு நீங்க எங்க போவீங்க?"

பொறுப்பாகத்தான் செய்திருக்கிறார்கள். எங்கள் பல்கலைக்கழகத்தில் இந்த ஆராய்ச்சிக்கான விதிக் குறிப்பேட்டை எழுதியவர்களில் யாருக்கும், கழுத்தில் கத்திரி தொங்குகிற பெண்கள் இருப்பார்கள் என்று தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. டிரிம்மர்களையெல்லாம் கழற்றி ஒரு தட்டில் போடச் சொன்னேன். வெறும் குச்சியைக் கொடுத்து, ஆளுக்கு இரண்டு முறை உடைத்துப் பழகவைத்தேன். பட் பட்டென்று உடைத்துச் சிறுபிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். கழுவ நேரமில்லாத, உள்ளது உள்ளபடியான மாதிரி.

பட்டைகளை அங்கேயே மேசையில் வரிசையாக வைத்தேன். மஞ்சள், மஞ்சள், மஞ்சள். பத்து மஞ்சள். ஏழாவது மட்டும் பச்சை.

நேற்று எல்லாமே பச்சையாக இருந்ததில் இந்தப் பச்சை தெரியாமல் போயிருந்தது. அவள் டிரிம்மரைத் திரும்ப எடுத்து மாட்டிக்கொள்ளும்போது தனியாக நிறுத்திக் கேட்டேன்.

"வெள்ளை படுதா?"

தலையாட்டினாள்.

"வாடை?"

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "மீன் நாத்தம் மாதிரிக்கா. பக்கத்துல நிக்கறவளுக்குத் தெரிஞ்சிருமோன்னு நாளைக்கு மூணு தடவ உள்ள வரைக்கும் கழுவுதேன். போன ரெண்டு தடவையும் இப்படித்தான் இருந்துச்சு. யார்ட்டக்கா போய்ச் சொல்ல?"

அன்று மாலையே ஈப்போவில் எங்கள் பேராசிரியரை அழைத்தேன். அவர் நல்ல மனிதர்தான், அதுதான் கோபம். குறிப்பேட்டின்படி சந்தேகமான முடிவுகளை மாதாந்திரக் கூட்டத்தில் வைத்து, பிறகுதான் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்றார். இப்போதே மருந்து கொடுத்தால் கிருமிகள் மாறிவிடும், ஏழாம் எண்ணைக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டிவரும் என்றார்.

"மாசக் கூட்டத்துக்குள்ள அவளுக்கு ஏழாம் மாசம் வந்திரும்," என்றேன். "அவ நம்பர் இல்ல சார். நீங்க எடுக்கறதுன்னா எடுங்க. நான் நாளைக்கு அவளை டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறேன். வேலையில இருந்து என்னை எடுக்கறதானாலும் எடுங்க."

தறிச் சத்தத்தில் அவர் சொன்னது சரியாகக் கேட்கவில்லை. இரண்டாம் முறை சொன்னார்: "கூட்டிட்டுப் போ. ஏழாம் எண் பட்டியல்லயே இருக்கட்டும். மருந்து எடுத்துக்கிட்டதாக் குறிச்சிடு. பிரசவம் வரைக்கும் தொடருவோம்."

நான்காம் நாள் அரசு மருத்துவமனை. பேருந்தில் நிற்க இடமில்லை. மகேஸ்வரி உட்கார்ந்திருந்த ஒரு ஆளைப் பார்த்து, "ஏனுங்க, புள்ளத்தாச்சிப் பொண்ணு நிக்குதுங்க," என்றார். அவர் எழுந்ததோடு நிற்காமல் இறங்கும்வரை எங்கள் பைகளையும் வைத்துக்கொண்டார். வரிசையில் மூன்று மணி நேரம். முத்துமாரி ஒரு தேங்காய் பன்னை மூன்றாகப் பிய்த்து எங்களுக்கும் கொடுத்தாள். இங்கே வந்த ஆறு வருடமாக அந்தச் சின்னச் சட்டைகளைத்தான் பார்க்கிறாளாம். ஒரு நாளும் ஒன்றைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போக ஆசை வந்ததில்லையா என்று மகேஸ்வரி கேட்டார்.

"ஆச இல்லாமயாக்கா. தையல் லேசாக் கோணின பீஸ ஒதுக்கிப் போடுவாங்க, கேட்டாக் குடுப்பாங்க. பிள்ள வராம சட்டை வரக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லும். மொதத் தடவ அது பேச்சக் கேக்காம ஒண்ண எடுத்துட்டுப் போய் வச்சிருந்தேன். அதுக்கப்புறம் யார்ட்டயும் பீஸ் கேக்கறதில்ல."

மருத்துவர் இளம் பெண். சோதித்தார், கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். கிருமித் தொற்று இருக்கிறது என்று ஏழு நாள் மாத்திரை எழுதினார். உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவுவதை நிறுத்தச் சொன்னார். நின்று செய்யும் வேலை வேண்டாம் என்று சூப்பர்வைசருக்குச் சீட்டும் கொடுத்தார்.

"பிள்ள நிக்குமா டாக்டர்?"

"மருந்து தொற்றுக்குத்தாம்மா. பிள்ளை தங்கும்னு நான் எழுதிக் கொடுக்க முடியாது. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்து காட்டு."

முத்துமாரி "சரிங்க" என்றாள். கொங்கு நாட்டில் ஆறு வருடம் இருந்தால் இதுவும் ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது.

ஐந்தாம் நாள் மாதிரிகளுக்குச் சீட்டு ஒட்டி உறைபெட்டியில் வைத்தேன். படிவத்தில் புதிதாக இரண்டு கட்டங்கள் சேர்த்தேன். ஒன்று: கழுவியதா, கழுவாததா. இன்னொன்று: குச்சி உடைத்ததா, வெட்டியதா. ஒரு வெறும் குச்சியைக் கம்பெனிக் காற்றில் ஆட்டி எடுத்த குழாயும் இருந்தது. காற்றில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் அதைக் கழிக்க முடியும். எந்தப் பெண்ணுடையதும் அல்லாத குழாய். அதற்கும் ஒரு எண் உண்டு.

ஆறாம் நாள் விமானத்துக்கு முன் மகேஸ்வரி என்னைக் காதர்பேட்டைக்கு அழைத்துப்போனார். ஏற்றுமதியில் மிஞ்சியதை மலைமலையாகக் குவித்து விற்கிற தெருக்கள். வீட்டுக்காரருக்கு இரண்டு பனியன் எடுத்தேன். அடுத்த குவியலில் கை தானாகப் போய் ஒரு சின்னச் சட்டையை எடுத்தது. மஞ்சள் நிறம். முதுகில் இரண்டு பொத்தான். தையல் நேராகத்தான் இருந்தது.

"எத்தன மாசக் கொழந்தைக்குங்க?" என்றார் கடைக்காரர்.

எனக்கு ஒரு பெண் பிறந்தாள். இருபத்தேழாவது வாரத்தில். பதினொரு மணி நேரம் இருந்தாள். உயிரோடிருந்தால் இப்போது பதினான்கு வயது. அவள் போன பிறகுதான் இந்த ஆராய்ச்சியில் சேர்ந்தேன். காரணம் தெரிந்தால் மனது ஆறும் என்று நினைத்தேன். இத்தனை வருடத்தில் ஆயிரக்கணக்கான குச்சிகளைக் கையில் வாங்கியிருக்கிறேன். காரணம் தெரியவில்லை. அவளுக்குச் சட்டையே போட்டதில்லை. அந்த உடம்புக்கு எந்தச் சட்டையும் பெரியது.

சட்டையைத் திரும்ப வைத்துவிட்டு நடந்தேன். விமான நிலைய வாசலில் மகேஸ்வரி, "அக்கா, அந்தப் பொண்ண நான் பாத்துக்கறனுங்க," என்று மட்டும் சொன்னார். அன்றைக்குக் கத்தியதற்கு அங்கேதான் மன்னிப்புக் கேட்டேன். "அட, அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சுங்க," என்றார். மறக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

ஈப்போவில் கறுப்புக் கோப்பி கிடைத்தது. அதைக் குடித்துக்கொண்டு நான் ஏங்கியது அந்த மட்டமான பால் கோப்பிக்கும் தறிச் சத்தத்துக்கும். மனுஷ மனதை எதில் சேர்ப்பது?

இங்கிருந்து முத்துமாரியைப் பற்றி நான் கேட்கக் கூடாது. எண்ணுக்குப் பின்னால் இருக்கிற ஆளைத் தேடக் கூடாது என்பது விதி. மகேஸ்வரியும் சொல்லக் கூடாது. எனக்கு வருவது ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு பட்டியல் மட்டும். அடுத்த மாதிரி முப்பத்தாறாவது வாரத்தில். அதற்கு முன் பிள்ளை பிறந்துவிட்டால் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போடுவார்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியவரும்.

முதல் திங்கள், கட்டம் காலி. காலி என்றால் நல்லது. நான்காம் வாரம் இரண்டாம் எண்ணுக்குக் கோடு வந்தது. அது ருக்மணியா வேறு யாராவதா என்று தெரியாது; மற்றவர்களின் எண் என் மனதில் இல்லை. அன்று மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை. ஏழாம் எண், காலி. இருபத்தேழாவது வாரம் முழுக்க நான் யாரிடமும் ஒழுங்காகப் பேசவில்லை. காலி. முப்பது, காலி. முப்பத்துமூன்று, காலி. ஒரு வெற்றுக் கட்டத்தை இப்படி யாரும் கும்பிட்டிருக்க மாட்டார்கள்.

பதின்மூன்றாம் திங்கள் கட்டம் நிறைந்திருந்தது. முப்பத்தாறு வாரம் இரண்டு நாள். தானே எடுத்தது. பட்டை மஞ்சள். கழுவாதது. குச்சி உடைத்தது.

குறிப்பு என்ற இடத்தில் வழக்கமாக எதுவும் இருக்காது. அன்று மகேஸ்வரி ஒரு வரி எழுதியிருந்தார். விதிக்குள்தான் இருந்தது, பெயர் இல்லை, ஊர் இல்லை. முப்பத்தாறு வாரத்திலும் இவளை வேலைக்கு வரவைத்திருக்கிறார்களே என்று முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. திரும்பப் படித்தேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு இன்னொரு முறை படித்தேன்.

'ஏழாம் எண், நான் சொல்லாமலே கழுத்திலிருந்த டிரிம்மரைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.'